பூஜ்யத்தில் நின்ற முள்

"சார், புது மீட்டர் பூஜ்யத்துலயே நிக்கிது" என்று ராமர் வந்து சொன்னபோது, பழனிக்குமார் மேசைமேல் இருந்த தன் பெயர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

'டெக்னிக்கல் பர்ச்சேஸ் மேனேஜர்' என்று பித்தளை எழுத்தில் பொறித்த பலகை. சேவுகம்பட்டிச் சாலையில் இருந்த அந்த மல்லிகை சென்ட் ஃபேக்டரியில் ஒரு மாதத்துக்கு முன்னால் அப்படியொரு பதவியே கிடையாது. முதலாளி பொன்னழகு அவனுடைய அக்காள் கணவர். தம்பிக்கு ஒரு வழி பண்ணும்வரை அடுப்பு மூட்ட மாட்டேன் என்று அக்காள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் ஓட்டல் சாப்பாட்டில் பொன்னழகுக்கு நெஞ்செரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் பதவி பிறந்தது. அதற்கு முன் பழனிக்குமார் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் உறை விற்கும் கடையில் நின்றுகொண்டிருந்தான். அதையும் தொழில்நுட்ப அனுபவம் என்றே விண்ணப்பத்தில் எழுதியிருந்தான்.

"பூஜ்யமா? நல்லா முறுக்கி மாட்டுனீங்களா ராமர்?"

"மாட்டுனேன் சார். மோட்டார நிப்பாட்டிட்டுத்தான் மாட்டுனேன். பெறகு ஓட விட்டுப் பாத்தேன். முள்ளு அசையல."

"மோட்டார் ஓடுதுல்ல?"

"ஜம்முனு ஓடுது."

"மோட்டார் ஓடுது, மீட்டர்ல ப்ரஷர் இல்லன்னா என்ன அர்த்தம்?"

ராமர் விட்டத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"தெரியல சார்."

"மீட்டர் டூப்ளிகேட்னு அர்த்தம். திண்டுக்கல்ல ரோட்டோரக் கடையில வாங்குனா இப்படித்தான்."

அந்த மீட்டரைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தவன் அவனேதான். ஆனால் அதை நினைவுபடுத்துகிற துணிச்சல் ராமருக்கு இல்லை. அவர் போன மாதம்வரை பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், முதலில் பச்சைப் பொத்தான், கால் மணி நேரம் கழித்து மஞ்சள் பொத்தான், ஏதாவது சத்தம் கேட்டால் சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான்.

இயந்திரம் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். கருப்பணன். பதினோரு வருடம் அதை ஓட்டியவர். பழனிக்குமார் பதவியேற்ற முதல் நாள் ஃபேக்டரியைச் சுற்றிப் பார்த்தபோது, குழாயில் இருந்த பழைய மீட்டரின் முன்னால் நின்றான். கண்ணாடி விரிசல் விட்டு, எழுத்தெல்லாம் மெழுகு படிந்து கறுத்திருந்தது. முள் மட்டும் தெரிந்தது. மோட்டாரை ஓட்டியதும் அது இடப்பக்கமாகத் திரும்பியது.

"என்ன மச்சான் இது! ஊர்ல இருக்கிற மீட்டரெல்லாம் வலது பக்கம் ஏறும். உங்க மீட்டர் தலைகீழா ஓடுது. இதை வச்சா இம்புட்டு வருசம் தொழில் பண்ணுனீங்க?"

"அது அப்படித்தான் தம்பி ஓடும்" என்றார் கருப்பணன்.

"தம்பி இல்ல, சார். அப்புறம், எனக்கே பாடம் எடுக்காதீங்க."

கருப்பணன் அவனை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். சாவிக் கொத்தை முதலாளி கையில் கொடுத்தார். மறுநாள் நிலக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பழைய மீட்டர் அன்று சாயங்காலமே பழைய இரும்புக்குப் போனது.

இப்போது அவசரம் எதற்கென்றால், வெள்ளிக்கிழமை மும்பைக் கம்பெனியிலிருந்து சகாயசெல்வி என்ற தணிக்கை அதிகாரி வருவதாக இருந்தது. பொன்னழகு எடுக்கிற மல்லிகை மெழுகு முழுவதையும் வாங்குகிற கம்பெனி அது. அவர்கள் அனுப்பிய பட்டியலில் பதினான்காவது வரி: 'ப்ரஷர் அளக்கும் கருவி, வேலைக்குப் பொருத்தமானது, சான்றிதழுடன்.' அது சரியாக இல்லாவிட்டால் இந்தப் பருவத்துச் சரக்கைத் தொட மாட்டோம் என்று கடைசியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சித்திரை மாதம். பூ மலையாகக் குவிகிற காலம்.

"மாப்ள, இது ஒன்னையாச்சும் ஒழுங்கா முடிச்சுக் குடு. பூக்காரங்களுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் பொன்னழகு.

"விடுங்க மச்சான். மீட்டரத் தேர்ந்தெடுக்கிறது ஒரு கலை."

அந்தக் கலையை அவன் முந்தின இரவு செல்போனில் பதினேழு நிமிடத்தில் கற்றிருந்தான். அதில் நான்கு நிமிடம் விளம்பரம்.

இரண்டாவது மீட்டருக்கு மதுரைக்குப் போன் போட்டான். கருவி வியாபாரி ஸ்டான்லி முப்பது வருடம் மீட்டர் விற்றவர்.

"தாராளமா அனுப்புறேன் சார். அதுக்கு முன்னாடி மூணே மூணு விசயம் சொல்லுங்க. குழாய்க்குள்ள என்ன போகுது? எம்புட்டுச் சூடு? எதுல ஆரம்பிச்சு எது வரைக்கும் அளக்கணும்?"

பழனிக்குமாருக்கு மூன்றுமே தெரியாது. ஆனால் தெரியாது என்பதற்கு ஒரு மேலாளர் பயன்படுத்த வேண்டிய சொல் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்."

"சார், காலு அளவு சொல்லாமச் செருப்பு கேக்குறீங்களே."

"பெரிசா ஒன்னு அனுப்புங்க. பாத்தா மதிப்பா இருக்கணும்."

வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு முகம். முள் நடுங்காமல் இருக்க உள்ளே கிளிசரின் ஊற்றியிருந்தார்கள். துருப்பிடிக்காத எஃகு உடம்பு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். ராமர் மோட்டாரை நிறுத்தி, மீட்டரை மாட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தினார். எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள். அது கிளிசரினுக்குள் ஈர்க்குச்சிபோலக் கிடந்து உறங்கியது.

"பூஜ்யம் சார்."

"எனக்குக் கண்ணு இருக்கு."

செத்த நேரம் தாடையைத் தடவினான். பிறகு விரலைச் சொடுக்கினான்.

"நெல்லு மூட்டை நிறுக்கிற தராசுல ஒரு முழம் பூவ வச்சா முள்ளு அசையுமா ராமர்?"

"அசையாது சார்."

"அதான். மீட்டர் ரொம்பப் பெரிசு. நமக்குச் சின்ன அளவுல வேணும்."

ராமருக்கே ஒரு கணம் மரியாதை வந்துவிட்டது. அப்படி ஒரு விளக்கம். அதில் ஒரே ஒரு குறைதான், அது உண்மை இல்லை.

மறுபடி ஸ்டான்லிக்குப் போன். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மட்டும் அளக்கிற மீட்டர் கேட்டான்.

"சார், நான் வேணும்னா ஒரு எட்டு நேர்ல வந்து பாத்துட்டுப் போறேனே. பத்து நிமிசம் போதும். காசெல்லாம் வேணாம்."

"வெளியாளுக்கு உள்ள அனுமதி இல்ல."

"அந்தக் குழாய மட்டும் காட்டுங்க, போதும்."

"அதுதான் சார் ரகசியமே!"

மூன்றாவது மீட்டர் வந்தது. ஊதினால் முள் ஓடும் அளவுக்கு நுட்பமானது என்று ஸ்டான்லி சொல்லியிருந்தார். பழனிக்குமார் சோதித்தும் பார்த்தான். வாயை வைத்து ஊதினான், முள் எகிறியது. குழாயில் மாட்டினார்கள். பூஜ்யம். இந்த முறை முள் பூஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டு, இன்னும் பின்னால் போக இடம் தேடுவதுபோல் நின்றது.

"நான் ஊதுனா ஏறுது, மெசின்ல ஏறல. அப்ப மீட்டர் நல்ல மீட்டர். மெசின்லதான் ப்ரஷர் இல்ல. சூடு பத்தல. சூட்ட ஏத்துங்க ராமர்."

"கருப்பணண்ணே இந்தக் கோட்டுக்கு மேல சூடு ஏத்தக் கூடாதும்பாரு சார்."

"கருப்பணன் இங்க மேனேஜரா, நானா?"

ராமர் சூட்டை ஏற்றினார். பூவை ஊறவைத்த கரைசலை மெல்லிய சூட்டில் ஆவியாக்கி விரட்டினால் அடியில் தங்குவதுதான் மல்லிகை மெழுகு. வெண்ணெய் நிறத்தில் இருக்கும். விரலில் தொட்டால் இரண்டு நாள் மணக்கும். அன்றைக்கு அது மரக்கலரில் இறங்கியது. பொன்னழகு ஒரு துளியை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"மாப்ள, இது மல்லிகையா? சுட்ட கத்திரிக்காயா?"

"புதுப் பூ மச்சான். ரகம் அப்படி."

"முப்பது வருசமாப் பூ வியாபாரம் பாக்குறேன்டா. பூவுல கத்திரிக்கா ரகம் நான் பாத்ததில்ல."

முந்நூறு கிலோ பூவின் மணம் புகைபோக்கி வழியாகச் சிறுமலைப் பக்கம் போய்விட்டது. இங்கே எஞ்சியதை நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகு எந்த மனிதனும் ஒரு போன் செய்திருப்பான். கருப்பணனின் எண் அலுவலகச் சுவரிலேயே எழுதியிருந்தது. பழனிக்குமார் அந்த எண்ணின்மேல் காலண்டரை மாட்டினான்.

நான்காவதாக டிஜிட்டல் மீட்டர் வாங்கினான். முள்ளே கிடையாது, எனவே அசையவில்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது. சான்றிதழோடு வந்தது. விலையைக் கேட்டு அக்காளே ஒரு வேளை சாப்பிடவில்லை. மாட்டினார்கள். பொத்தானை அழுத்தியதும் பச்சை வெளிச்சத்தில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு ஆங்கில எழுத்து மின்னியது.

ராமர் எட்டிப் பார்த்தார். "என்னமோ எழுத்துல்ல காட்டுது?"

பழனிக்குமாரின் முகம் மலர்ந்தது. "லோ! லோன்னு காட்டுது! பாத்தீங்களா, இதான் படிச்ச மீட்டர். மத்ததெல்லாம் ஊமை மாதிரி நின்னுச்சு. இது வாயத் திறந்து சொல்லுது, ப்ரஷர் கம்மின்னு."

"ப்ரஷர் கம்மின்னா மோட்டார் பத்தலயோ சார்?"

"அப்படிக் கேளுங்க!"

ராமர் அவ்வாறு கேட்டிருக்கக் கூடாது. பிற்பாடு அதற்காக அவர் கோயிலில் விழுந்து கும்பிட்டார்.

நிலக்கோட்டையில் மூடிக்கிடந்த ஒரு சென்ட் ஃபேக்டரியிலிருந்து பழைய மோட்டாரும் பம்பும் வாடகைக்கு வந்தன. இருந்தது போலவே, ஆனால் இரண்டு மடங்கு பெரிசு. புதன்கிழமை காலையில் பொருத்தினார்கள். பதினொன்றரைக்கு ஓட விட்டார்கள். மீட்டர் அப்போதும் 'லோ' என்றது. "ஓடட்டும். பெரிய மோட்டார், மெதுவாத்தான் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் பழனிக்குமார் சாப்பிடப் போனான். ராமரும் மற்றவர்களும் வேப்பமரத்தடிக்குத் தூக்குவாளியோடு போனார்கள்.

ஒன்றேகாலுக்கு 'டமார்' என்று ஒரு சத்தம். வேப்பமரத்துக் காக்கைகள் ஒரே நேரத்தில் பறந்தன.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். குழாயின் நுனியில், ஆள் உயரத்துக்கு நின்றிருந்த இரும்புத் தகட்டுத் தொட்டி இடுப்பு ஒடிந்து நின்றது. நான்கு பக்கமும் உள்ளே அமுங்கி, லாரி ஏறின எண்ணெய் டின்போல் இருந்தது. யாருக்கும் அடி இல்லை. ராமர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, அழுத்தின விரலை எடுக்காமலே நின்றார்.

பழனிக்குமார் கையைக் கழுவாமல் வந்து சேர்ந்தான். தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினான். அமுங்கிய இடத்தைத் தட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உள்ள ப்ரஷர் கூடியிருந்தா தொட்டி என்ன ஆகும் மச்சான்?"

"வீங்கும். வெடிக்கும்" என்றார் பொன்னழகு. அவர் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"இது உள்பக்கமாவுல்ல அமுங்கியிருக்கு? அப்ப என்ன அர்த்தம்? எவனோ வெளிய இருந்து அடிச்சிருக்கான்!"

தன் வாழ்நாளில் அவன் ஒழுங்காக யோசித்தது அந்த ஒரு தடவைதான். அதை எடுத்துக்கொண்டுதான் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

போவதற்கு முன் விசாரணை நடத்தினான். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தான்.

"ஒன்னேகாலுக்கு எங்க இருந்தீங்க ராமர்?"

"வேப்பமரத்தடியில. சோறு தின்னுக்கிட்டிருந்தேன் சார்."

"என்ன சோறு?"

"புளிச்சோறு."

"வெஞ்சனம்?"

"சுண்டவத்தல்."

பழனிக்குமார் 'சுண்டவத்தல்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டான்.

எவ்வளவு சுற்றினாலும் சந்தேகம் ஒரே ஆள்மேல்தான் போய் நின்றது, ஏனென்றால் அவன் அதை அங்கேதான் ஓட்டிக்கொண்டு போனான். கோபித்துக்கொண்டு போனவர், இயந்திரம் தெரிந்தவர், நிலக்கோட்டையில் இருப்பவர். இத்தனைக்கும் மேல், பெரிய பம்பு வந்ததும் நிலக்கோட்டையிலிருந்து!

"கருப்பணனா?" பொன்னழகு எழுந்து நின்றுவிட்டார். "அடேய், அவன் கொட்டாவி விட்டாக்கூட மெசின்மேல படாமத் திரும்பி விடுவான்டா. அவனப் போயா?"

"நல்லவன் மாதிரி இருக்கிறவன்தான் மச்சான் இதெல்லாம் செய்வான்."

"அவன் மகளுக்கு வைகாசியில கல்யாணம். இந்த நேரத்துல போலீசு அது இதுன்னு போனா..."

"சட்டம் கல்யாணம் பாக்காது."

நான்கு பக்கத்துக்கு மனு எழுதினான். எதிரி என்ற இடத்தில் கருப்பணன் பெயரைப் பெரிதாக எழுதினான். சதி, பொறாமை, தொழில் ரகசியம் என்று மூன்றையும் பக்கத்துக்கு இரண்டு தடவை போட்டான். வியாழக்கிழமை ஸ்டேஷனில் கொடுத்தான். மத்தியானம் கருப்பணனுக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லித் தகவல் போனது. சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்கு அது தெரிந்துவிட்டது. இரவுக்குள் அவர்கள், "கொஞ்ச நாள் பொறுத்துப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி கேட்டுப் பொன்னழகு சாப்பிடாமல் படுத்தார். இந்த முறை அக்காள் அடுப்பு மூட்டித்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. தணிக்கை அதிகாரி சகாயசெல்வி காரில் வந்து இறங்கினார். அதே நேரத்தில் வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. ஏட்டு பாண்டியராஜ், கையில் அந்த நான்கு பக்க மனு.

பொன்னழகு அதிகாரியை அலுவலகத்தில் உட்கார வைத்து இளநீர் வெட்டச் சொன்னார். பழனிக்குமார் ஏட்டைப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு ஓடினான். அங்கே ஒரு மேசையில் நான்கு மீட்டர்களையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு வரிசையாக வைத்திருந்தான்.

"இது என்னா தம்பி?"

"சாட்சிப் பொருள் ஏட்டய்யா. நாலு மீட்டர், நாலு கம்பெனி. நாலுமே ப்ரஷர் இல்லன்னுதான் சொல்லுது. அப்படின்னா முன்னாடியே மெசின்ல ஏதோ சதி நடந்திருக்கு. அது பத்தாதுன்னு தொட்டியவும் அடிச்சு நொறுக்கிட்டான்."

ஏட்டு தொட்டியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"இம்புட்டு அமுங்கியிருக்கு, ஒரு சுத்தியல் தடம் இல்லயே? பெயிண்டு கூட உதிரல."

"கை தேர்ந்தவன் ஏட்டய்யா."

"ம்." அவர் குழாயில் இருந்த ஓட்டையைக் காட்டினார். "இது?"

"மீட்டர் மாட்டுற எடம். உங்களுக்காகத்தான் கழட்டி வச்சிருக்கேன்."

"எங்க, ஓட்டிக் காட்டுங்க. என்னதான் நடக்குதுன்னு பாப்போம்."

"மீட்டர் இல்லாம இதுவரைக்கும் ஓட்டுனதில்ல சார்" என்றார் ராமர்.

"ஏட்டய்யா சொல்றாருல்ல? ஓட்டுங்க. ஏட்டய்யா, நீங்க செத்தத் தள்ளி நில்லுங்க. பெரிய மோட்டார். ஓட்டை வழியா வேகமா வெளிய அடிக்கும். சட்டை அழுக்காயிரும்."

பழனிக்குமார் தானும் இரண்டடி பின்னால் போய்க் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டான். ராமர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது. ஓட்டையிலிருந்து புகை வரவில்லை, காற்று வரவில்லை, ஒரு தூசிகூட வெளியே வரவில்லை. ஏட்டு பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போனார். மனுவைப் பிடித்திருந்த கையை ஓட்டைக்கு நேராக நீட்டினார்.

'சப்' என்று ஒரு சத்தம். முதல் பக்கம் அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்க் குழாயில் ஒட்டியது. ஏட்டு பிடித்து இழுத்தார். வரவில்லை. தாளின் நடுப்பகுதி சுருங்கி, குழிந்து, கிழிந்து, ஓட்டைக்குள் சுருட்டிக்கொண்டு போனது. கையில் மிஞ்சிய ஓரங்களை விரித்துப் பார்த்தார். எதிரி என்ற சொல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கருப்பணன் பெயர் இருந்த இடம் வட்டமாகக் காணாமல் போயிருந்தது.

வாசற்படியில் சகாயசெல்வி இளநீரோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பொன்னழகு. ராமர் தானாகவே சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

ஏட்டு பாண்டியராஜ் தாளின் ஓட்டை வழியாகப் பழனிக்குமாரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி, இது காத்த ஊதுற குழாய் இல்ல, உறிஞ்சுற குழாய், அதான் மீட்டரெல்லாம் பூஜ்யத்துல நின்னுச்சு; தொட்டிய எவனும் வெளிய இருந்து அடிக்கல, நீங்க கொண்டாந்து மாட்டுன மோட்டாருதான் உள்ள இருந்து உறிஞ்சிப் போட்டிருக்கு... அப்ப எதிரிங்கிற எடத்துல உங்க பேர எழுதிக்கிறவா?"